ஹைப்பர் தைராய்டும் கண்ணும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைப்பது) என்று போன வாரம்தான் சொன்னார்கள். தைராய்டைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்தும் படபடப்பும் கை நடுக்கமும் குறையவே இல்லை. மாத்திரை வேலை செய்யவில்லையா?

செய்கிறது, பொறுங்கள். அது புதிதாக ஹார்மோன் சுரப்பதைத்தான் தடுக்கும், சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீர சில வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்புக்கு ப்ராப்ரனலால் மாதிரி மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைராய்டு ஹார்மோனான டி4 சரியான பிறகும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மாதக்கணக்கில் கீழேயே கிடக்கும், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக டோஸைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பாராசிட்டமால் போதுமா?

போதாது. அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: தைராய்டு ரிப்போர்ட் நார்மல் என்கிறார்கள். ஆனால் கண் பிதுங்கிக்கொண்டே வருகிறது, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஏன்?

இதைத்தான் நிறைய பேருக்கு யாரும் சொல்வதில்லை. தைராய்டைத் தூண்டுகிற அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் தசைகளையும் வீங்க வைக்கிறது. சுற்றிலும் எலும்பு, வீக்கத்துக்கு இடம் இல்லை, அதனால் கண் முன்னே தள்ளப்படுகிறது. தைராய்டு அளவைச் சரியாக வைத்திருப்பது கண்ணுக்கும் அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஆக்குலோபிளாஸ்டி (இமை, கண்குழி சிகிச்சை) பார்க்கும் கண் மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். பகலில் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஜெல், தலைக்கு இன்னொரு தலையணை. நீங்கள் தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குங்குமச் சிமிழைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால். ஒரு கண்ணில் சிவப்பு மங்கித் தெரிந்தாலோ பார்வை குறைந்தாலோ கண் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம் இருக்கலாம், அன்றே ஓடுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதனால் இதை மட்டும் நம்பி செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கணவர் சிகரெட்டைக் குறைத்திருக்கிறார், பரவாயில்லையா?

குறைத்தால் பத்தாதும்மா, விட வேண்டும். புகை கண்ணை மோசமாக்கும், கொடுக்கும் சிகிச்சையும் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: தைராய்டை அடக்க ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடின்) எடுக்கச் சொல்கிறார்கள்.

கண்ணில் வீக்கம் இருப்பதை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? சிலருக்கு அது கண்ணை மோசமாக்கும், அதனால் கூடவே ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அல்லது வேறு வழி பார்ப்பார்கள். கேட்காமல் தேதி வாங்காதீர்கள்.

கேள்வி: முடி கொட்டுவதற்கு பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா?

டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் சில லேப்களில் தைராய்டு கூடுதலாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டும்.

கேள்வி: என் முகமே மாறிவிட்டது. ஆபரேஷன் உடனே செய்ய முடியாதா?

உங்கள் வருத்தம் புரிகிறது. பார்வைக்கு ஆபத்து இல்லாதவரை வீக்கம் அடங்கி நிலையான பிறகுதான் செய்வார்கள்: தேவைப்பட்டால் முதலில் கண்ணைப் பின்னுக்குக் கொண்டுவர, அடுத்து இரட்டைப் பார்வைக்கு, கடைசியில் இமைக்கு. செக்கப்புக்குப் போகும்போது பழைய ஃபோட்டோக்களை எடுத்துப் போங்கள், எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட டாக்டருக்கு அது உதவும்.