பேச்சுரிமையும் பொது ஒழுங்கும்: கேள்வி பதில்

கேள்வி: பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு எந்தப் பேச்சையும் தடுக்கலாமா?

பதில்: முடியாது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவு கூறும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' உண்டு. 'பொதுப் பாதுகாப்பு' இல்லை. சென்னை அரசு பொதுப் பாதுகாப்பின் பெயரால் 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு விதித்த தடையை, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பொது ஒழுங்கு அடுத்த ஆண்டு முதல் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது; கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதனுடன் வந்தது. வாய்மொழியாகத் தடுத்தால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்வதாக மிரட்டுகிறார்கள் என்பதற்காக எங்கள் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கலாமா?

பதில்: 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கில் (ரங்கராஜன், 1989) எழுந்த கேள்வியே இது. படம் வெளிவந்தால் வன்முறை வெடிக்கும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மிரட்டலுக்குப் பணிந்து பேச்சை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்றும், பேசுபவரைக் காப்பது அரசின் கடமை என்றும் கூறியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறியைப் போல நேரடியாக இருக்க வேண்டும். தொலைவில் நிகழக்கூடும் என்ற ஊகம் போதாது.

கேள்வி: தீர்ப்பு ஏட்டில் இருக்கும். களத்தில் காவலர் சிலர், கூட்டமோ பல்லாயிரம். உயிர் போனால் யார் பொறுப்பு?

பதில்: உங்கள் கவலையை மதிக்கிறேன், உயிரைவிடப் பெரியது எதுவுமில்லை. ஆயினும் நேரத்தையும் இடத்தையும் மாற்றுவது, கூடுதல் காவலர்களை வரவழைப்பது, மிரட்டுபவர் மீது நடவடிக்கை எடுப்பது ஆகிய அனைத்தையும் விட்டுவிட்டு, அமைதியாகப் பேச வந்தவரின் வாயை முதலில் அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். அவ்வாறு செய்தால், அடுத்த முறை கல்லெடுப்பவனுக்குத் தடை வாங்கும் வழியை நாமே கற்றுத் தருகிறோம்.

கேள்வி: பேசுபவரே தாக்கத் தூண்டினால்?

பதில்: அது தண்டனைக்குரியது. விவாதம், பரிந்து பேசுதல், தூண்டுதல் என்ற மூன்றையும் பிரித்துக் காட்டிய உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு (2015), தூண்டுதலின் எல்லையைத் தொட்ட பிறகே கட்டுப்பாடு செல்லும் என்றது.

கேள்வி: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போடுவார்களா?

பதில்: இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த அப்பிரிவை அதே தீர்ப்பு செல்லாததாக்கிவிட்டது.

கேள்வி: சமூக வலைத்தளம் என் பதிவை நீக்கியது. என்ன செய்வது?

பதில்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள், என் துறை அதுவன்று.

கேள்வி: பாதுகாப்புக்காக என்றால் தடை சரிதானே?

பதில்: முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: 144 தடையுத்தரவு இருந்தால் எதுவும் பேச முடியாதா?

பதில்: அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு; 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 163-ஆவது பிரிவு. நியாயமான கருத்துரைப்பை ஒடுக்க அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும், உத்தரவை வெளியிட வேண்டும் என்றும் அனுராதா பாசின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: உத்தரவை எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுதப்படாத உத்தரவை உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பது எளிது.