அந்தத் துளை எங்கேயும் போய்விடாது

கேள்வி: விளக்கும் படிக்கட்டும் போட்ட சுற்றுலாக் குகைகள் நான்கைந்து பார்த்துவிட்டேன். அதிகம் பேர் அறியாத குகைகளைத் தேடிப் போக வேண்டும் என்று ஆசை. போன மாதம் ஒரு வெயில் நாளில் நண்பனோடு சுண்ணாம்புக்கல் குன்று ஒன்றில் நடந்தபோது, புதருக்குப் பின்னால் ஒரு துளை தெரிந்தது. தவழ்ந்துதான் நுழைய முடியும். உள்ளிருந்து சில்லென்று காற்று வந்தது. செல்போன் வெளிச்சத்தில் இருபதடி போனோம். அங்கே தரை செங்குத்தாகக் கீழே இறங்கியது, திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து அதே நினைப்பு. கயிறு வாங்கிக்கொண்டு அடுத்த விடுமுறையில் இறங்கலாம், படம் எடுத்து இணையத்தில் போடலாம் என்கிறான் நண்பன். வீட்டில் அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். இந்த ஆசை சரிதானா? எங்கிருந்து தொடங்குவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தரை இறங்குகிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் ஆசை சரியானதுதான். நானும் இதே ஆசையில் இருபத்தைந்து வருடங்களாகக் குகைகளுக்குள் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் நண்பர் சொல்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. கயிறு கடைசியில் வர வேண்டியது. முதலில் உங்களுக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அந்தத் துளை பல்லாயிரம் வருடமாக அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒரு வருடம் கழித்துப் போனாலும் இருக்கும்.

முதலில் அந்தக் காற்றைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். குகையின் ஆழத்தில் வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், அந்த இடத்தின் வருடச் சராசரிக்குப் பக்கத்தில். வெயில் காலத்தில் வெளிக்காற்றைவிட உள்ளே இருக்கும் காற்று குளிர்ச்சி, அதனால் கனம். கனமான காற்று கீழே வழிந்து தாழ்வான வாசல் வழியாக வெளியே வரும். அதே நேரத்தில் மேலே எங்கோ இருக்கும் இன்னொரு வாசல் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இது அப்படியே திரும்பும். கீழ்வாசல் உறிஞ்சும், மேல்வாசல் வெதுவெதுப்பான ஈரக்காற்றை ஊதும். அதிகாலைக் குளிரில் சில குன்றுகளின் சரிவில் புகை மாதிரி ஆவி எழுவதும், பனி பொழியும் நாடுகளில் ஓரிடத்தில் மட்டும் பனி உருகிக் கிடப்பதும் இதனால்தான்.

ஆக, வெயில் நாளில் உங்கள் துளை குளிர்காற்றை ஊதியது என்றால், அது ஒரு குகையின் கீழ்வாசலாக இருக்கலாம். மேலே சரிவில் இன்னொரு திறப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அது கை மட்டும் நுழைகிற விரிசலாகக்கூட இருக்கலாம். ஒரே வாசல் கொண்ட பெரிய குகைகளும் மூச்சு விடும். அவற்றை ஆட்டுவது வெளியே ஏறி இறங்கும் காற்றழுத்தம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கும் விண்ட் கேவ் காற்றழுத்தத்தால் இப்படி மூச்சு விடும் குகை. ஒரு நாளிலேயே காற்றின் திசை மாறிவிடும். அதனால் உள்ளே போகாமல் வாசலில் உட்கார்ந்து, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில், ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். தேதி, நேரம், வெளி வெப்பம், காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்து நாள் குறிப்பு சேர்ந்தால், இருபதடி தாண்டி எட்டிப் பார்ப்பதைவிட அதிகமாக அந்தக் குகையைப் பற்றித் தெரிந்துவிடும்.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்காதீர்கள். நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் தேசியப் பூங்காவில் லெச்சுகீயா என்று ஒரு பள்ளம் இருந்தது. வவ்வால் எருவுக்காகத் தோண்டிய சிறு குகை, அவ்வளவுதான் என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் அதன் அடியில் கிடந்த கற்குவியலுக்குள்ளிருந்து காற்று இரைவதைச் சிலர் கேட்டிருந்தார்கள். அனுமதி வாங்கி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, 1986 மே மாதம் வழி திறந்தார்கள். இன்றுவரை அங்கே அளந்திருக்கும் வழிகள் 240 கிலோமீட்டருக்கு மேல். 1994 டிசம்பரில் பிரான்சில் மூன்று குகை ஆர்வலர்கள் ஒரு பாறை இடுக்கிலிருந்து வந்த மெல்லிய காற்றைப் பின்தொடர்ந்துதான் ஷோவே குகையை அடைந்தார்கள். முப்பதாயிரம் வருடத்துக்கும் மேல் பழைய சிங்க, காண்டாமிருக ஓவியங்கள் அதன் சுவர்களில் இருந்தன.

சரி, புதிய வாசல்களை எங்கே தேடுவது? பெரும்பாலான குகைகள் சுண்ணாம்புக்கல்லில்தான் இருக்கின்றன. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கல்லின் விரிசல்களைக் கரைத்து வழியாக்குகிறது. அப்படிப்பட்ட நிலத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: மழை பெய்தாலும் மேலே தண்ணீர் தங்காது. ஓடி வரும் ஓடை ஓரிடத்தில் சட்டென்று காணாமல் போகும். கிண்ணம் மாதிரி பள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். மலையடிவாரத்தில் திடீரென்று பெரிய ஊற்று கிளம்பும். ஆகவே புவியியல் வரைபடத்தில் சுண்ணாம்புக்கல் எங்கே முடிகிறது, வேறு பாறை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த எல்லையில்தான் ஓடைகள் பெரும்பாலும் மண்ணுக்குள் நுழையும். உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் மூடிய வட்டங்களாகத் தெரியும் பள்ளங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். இருபது பள்ளத்தில் பத்தொன்பது மண்ணால் அடைத்திருக்கும். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். நடக்கிற அந்த நாட்களில்தான் நிலத்தைப் படிக்கப் பழகுகிறோம்.

மறைந்த தண்ணீர் எங்கே போகிறது என்பது தனிச் சுவாரசியம். ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் தன் படுகைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. 1877-ல் அந்த இடத்தில் 10 கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஹ் ஊற்று, கிட்டத்தட்ட 60 மணி நேரத்தில் பச்சையாகப் பொங்கியது. நீங்களாகச் சாயம் கலக்க வேண்டாம், அது யாரோ குடிக்கிற தண்ணீராக இருக்கலாம். ஆனால் எந்த ஓடை எந்த ஊற்றாக வெளியே வரும் என்று யோசித்தபடி நடந்தால் குன்றே வேறு மாதிரி தெரியும்.

இதற்கெல்லாம் மேலே நான் நம்புவது, அந்த நிலத்தில் வாழ்கிறவர்களின் நினைவை. ஆடு தவறி விழுந்த பள்ளம், மழைக்கு ஒதுங்கிய பொந்து, இரைச்சல் கேட்கிற பாறை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வியட்நாமில் ஹோ கான் என்ற கிராமவாசி 1990-களின் தொடக்கத்தில் காட்டுக்குள் ஒரு பெரிய வாசலைப் பார்த்தார். உள்ளிருந்து காற்றும் ஆற்றின் முழக்கமும் வந்தன. அப்புறம் அந்த இடம் அவருக்கே தப்பிப்போனது. 2008-ல் மறுபடி கண்டுபிடித்து, அடுத்த வருடம் பிரிட்டிஷ் குழுவினரை அழைத்துப் போனார். அதுதான் சோன் டூங், உலகத்தின் மிகப் பெரிய குகைகளில் ஒன்று. பெரியவர்களிடம் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். குகை கிடைத்தால் அதைச் சொன்னவரின் பெயரைக் குறிப்பேட்டில் முதல் வரியில் எழுதுங்கள், அது அவருக்குச் சேர வேண்டியது.

இப்போது கயிறு. இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் வித்தை. சாதாரணக் கடைக்கயிறு பாறை முனையில் உரசி அறுந்துபோகும். ஏறத் தெரியாமல் இடுப்புப் பட்டையில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தாலே உயிருக்கு ஆபத்து. குகைக்கென்று இருக்கும் கயிற்றிலும் ஏறுகருவியிலும் வெளியே, பகல் வெளிச்சத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கப் பல முறை ஏறி இறங்கிய பிறகுதான் இருட்டில் தொங்க வேண்டும். அதற்கு ஒரே நல்ல வழி குகை ஆர்வலர் குழு ஒன்றில் சேர்வது. பல நாடுகளில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் இணைக்கும் சர்வதேச அமைப்பும் 1965 முதல் இயங்குகிறது. ஒரு வருடம் அவர்களோடு தெரிந்த குகைகளில் பழகுங்கள். உங்கள் துளையை அவர்களிடம் சொல்லும் நாளும் வரும்.

தனியாகவோ இரண்டு பேராகவோ போகவே கூடாது. நான்கு பேர் இருந்தால் நல்லது: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடி வெளியே வரலாம். ஃபிளாய்ட் காலின்ஸ் அமெரிக்காவின் கென்டக்கியில் அனுபவம் மிகுந்த குகை ஆய்வாளர். 1925 ஜனவரி 30 அன்று ஒரு குறுகிய வழியில் தனியாகத் திரும்பி வரும்போது ஒரு கல் விழுந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கல்லின் எடை 12 கிலோதான். இரண்டு வாரத்துக்கும் மேல் பெரும் கூட்டமே முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் என்ற எண்ணம், அவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

வெளிச்சம் ஆளுக்கு மூன்று வேண்டும். முதல் விளக்கு ஹெல்மெட்டில் பொருத்தியதாக இருக்கட்டும், கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும். செல்போன் இந்தக் கணக்கிலேயே வராது. என் தொடக்க நாட்களில் ஒற்றை டார்ச்சோடு போய், அது கை நழுவிப் பாறை இடுக்கில் விழுந்து, மற்றவர்கள் திரும்பி வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கண் பழகவே பழகாத இருட்டு அது. ஈரத்தில் குளிரைக் கூட்டும் பருத்தித் துணி வேண்டாம். கையுறை, முழங்கால் உறை, நல்ல பிடியுள்ள காலணி போதும்.

தண்ணீரை எப்போதும் சந்தேகப்படுங்கள். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டது மழைவெள்ளத்தால்தான். எல்லோரும் வெளியே வர 18 நாள் ஆனது, மீட்கப் போன முக்குளிப்பு வீரர் ஒருவர் அதில் உயிரிழந்தார். வெளியே வானம் தெளிவாக இருந்தாலும் தூரத்து மலையில் பெய்த மழை உள்ளே வந்துசேரும். கூரையிலோ சுவரின் உயரத்திலோ சருகும் குச்சியும் ஒட்டியிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ தலை வலித்தாலோ உடனே திரும்புங்கள், கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். தீக்குச்சி எரிகிறதே என்று நம்பி நிற்காதீர்கள். சுடர் ஆக்சிஜன் குறைவதைத்தான் காட்டும், மற்றதைக் காட்டாது. வவ்வால்கள் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அவற்றின் காய்ந்த எச்சத் தூசி நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையைச் சுமக்கலாம். அதே போல நம் உடையிலும் காலணியிலும் ஒட்டிய பூஞ்சை அவற்றைக் கொல்லலாம். 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த வெண்மூக்கு நோய் அப்படிப்பட்ட ஒரு பூஞ்சையால் வருவது, அது மில்லியன் கணக்கான வவ்வால்களை அழித்திருக்கிறது. ஒரு குகையின் சேற்றோடு இன்னொரு குகைக்குள் நுழையக் கூடாது.

இணையத்தில் போடுவது பற்றி. தயவுசெய்து வேண்டாம். செல்போன் படத்துக்குள் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்து பதிவாகியிருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே வழிகாட்டிவிடும். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுது ஒரு மில்லிமீட்டர் வளரவே பத்து வருடம் ஆகலாம். கைபட்ட எண்ணெய்ப்பசையில் அந்த வளர்ச்சி நின்றும் போகும். 1974-ல் அரிசோனாவில் இரண்டு இளைஞர்கள் ஒரு பள்ளத்தின் விரிசலிலிருந்து வந்த ஈரக்காற்றைப் பின்பற்றிப் போய், யாரும் தொடாத ஒரு குகையைக் கண்டார்கள். நான்கு வருடம் கழித்து நிலத்தின் சொந்தக்காரர்களிடம் சொன்னார்கள். இரு தரப்பும் சேர்ந்து வாய் திறக்காமல் காத்தார்கள். ஊருக்குத் தெரிந்தது 1988-ல்தான். பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிந்து 1999-ல் திறக்கப்பட்ட கார்ட்ச்னர் குகை அது. நீங்களும் முதலில் நிலத்தின் உரிமையாளர் யார், அனுமதி தருவது யார் என்று கண்டுபிடியுங்கள். எலும்போ, ஓவியமோ, பானை ஓடோ தெரிந்தால் தொடாமல் வந்து உரிய துறைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா? அளவெடுக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். திசைகாட்டி, சாய்வுமானி, அளவு நாடா, பென்சில், ஈரம் தாங்கும் நோட்டு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தூரம், திசை, சாய்வு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் குகையின் வரைபடம் கிடைக்கும். குகையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், என் கணக்கில் அதை வரைந்தவர்தான். கென்டக்கியில் ஃபிளின்ட் ரிட்ஜ் குகையைப் பல வருடம் அளந்து வரைந்து வந்த குழுவினர், 1972 செப்டம்பரில் ஓர் ஒடுக்கமான வழி தாண்டி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து, இருட்டில் எதையோ கண்டு நின்றார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பக்கத்து மாமத் குகைக்குள் போட்டிருந்த கைப்பிடிக் கம்பி அது! உலகத்தின் மிக நீண்ட குகை அன்றுதான் இணைந்தது. நீங்கள் பார்த்துவிட்டேன் என்கிற அந்தச் சுற்றுலாக் குகைகளிலும், கம்பிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. குழுவோடு போகும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எந்தக் குகை, எந்த வாசல், யார் யார், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் வெளியே வந்து கூப்பிடுங்கள். ஐந்தாறு முறை அப்படி நடந்த பிறகு அவரே என்ன பார்த்தாய் என்று கேட்கத் தொடங்கலாம்.

குளிர்காலம் வந்ததும் ஓர் அதிகாலையில் அந்தப் புதருக்குப் பின்னால் போய், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எழுதுங்கள். உள்ளே இழுத்தால் அது பெரும்பாலும் கீழ்வாசல். அப்படியானால் மேல்வாசலை எந்தச் சரிவில் தேடலாம் என்று அடுத்த கடிதத்தில் பேசுவோம்.