ஜெர்சியில் யார் பெயர்? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சூதாட்ட நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்த இடத்தில், நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் அறநிறுவனத்தின் பெயரைப் பொறித்துக்கொண்டு ஆடிய ஆஸ்டன் வில்லா கால்பந்துக் கழகத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்திருக்கின்றன. கால்பந்தைப் பற்றி எழுதினால் கடிதம் அங்கிருந்துதான் வரும் என்பதால் வியப்பில்லை. இந்த வாரப் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உங்கள் குறிப்பு ஐந்தே வரிகளில் முடிந்துவிட்டது. உண்மையில் என்ன நடந்தது? அந்த அணியின் ரசிகர்கள் மகிழ்ந்தார்களா, முணுமுணுத்தார்களா?
— வாசகர், தண்டையார்பேட்டை

ஆஸ்டன் வில்லா, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1874-இல் தொடங்கப்பட்ட கழகம். 1982-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பெருமையும் அதற்கு உண்டு. 2008 வரை அதன் ஜெர்சியில் இருந்தது 32ரெட் என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர். அந்த ஒப்பந்தம் முடிந்தபோது, ராண்டி லெர்னர் என்ற அமெரிக்கர் உரிமையாளராக இருந்த கழகம், புதிய விளம்பரதாரர் யாரையும் அந்த இடத்தில் வைக்காமல், ஏகார்ன்ஸ் என்ற அறநிறுவனத்தின் பெயரை இலவசமாகப் பொறித்துக்கொண்டது. நீண்ட ஆயுளுக்கு வாய்ப்பில்லாத நோய்களோடு வாழும் குழந்தைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் அந்த வட்டாரத்தில் பராமரித்துவரும் அமைப்பு அது. 2008-09, 2009-10 ஆகிய இரண்டு பருவங்களுக்கு இந்த ஏற்பாடு நீடித்தது.

ரசிகர்களில் பெரும்பாலானவர்கள் பெருமைப்பட்டார்கள். அதற்குக் கருணை ஒன்றே காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காசு கொடுத்து ஜெர்சி வாங்கும் ரசிகர், ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தையும் தன் செலவிலேயே தன் உடம்பில் சுமந்து திரிகிறார். சம்பளமில்லாத விளம்பரப் பலகையாக இருக்கிறோமே என்ற அந்தப் பழைய எரிச்சல் இரண்டு ஆண்டுகளுக்காவது தணிந்தது என்பதும் ஒரு காரணம். தவிர, அங்கே சூதாட்ட நிறுவனத்தின் பெயரைச் சிறுவர் அளவு ஜெர்சிகளில் பொறிப்பதற்கு அனுமதி இல்லை என்பதால், அப்பனுடைய ஜெர்சி ஒரு மாதிரியாகவும் பிள்ளையுடையது வேறு மாதிரியாகவும் இருக்கும் நிலை சூதாட்டப் பெயர் உள்ள எல்லா அணிகளுக்கும் உண்டு. ஏகார்ன்ஸ் பெயரை இருவரும் ஒன்றுபோல் அணியலாம். எதிரணி ரசிகர்களும் அதைக் கேலி செய்வது கடினம், ஏனென்றால் அதே வட்டாரத்தில் வாழும் அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் நாளை அந்த இடம் தேவைப்படலாம்.

முணுமுணுப்பு இல்லாமலா இருக்கும்? பணம் போகிறதே என்பவர்களும், நல்ல விலைக்கு ஆள் கிடைக்காததால் புண்ணியக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பவர்களும் எந்த ஊர் ரசிகர் கூட்டத்திலும் இருப்பார்கள். ஆனால் எனக்கு உறுத்துவது, பிறகு நடந்ததுதான். 2010-இல் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்யும் எஃப்எக்ஸ்புரோ அந்த இடத்துக்கு வந்தது. அதற்கடுத்து கசினோ நடத்தும் ஜென்டிங், அதன்பின் டஃபாபெட் என்று மறுபடியும் சூதாட்டப் பெயர்களே அதே இடத்தில் உட்கார்ந்தன. 2023-இல் பிகே8 என்ற இன்னொரு சூதாட்ட நிறுவனம் வரப்போகிறது என்றபோது ரசிகர்களின் ஆலோசனைக் குழு வெளிப்படையாகவே எதிர்த்தது. பணபலம் மிக்க பெரிய ஆறு கழகங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, சூதாட்ட நிறுவனங்கள் மற்றவர்களைப் போல் இருமடங்கு தருகின்றன என்பது நிர்வாகம் சொன்ன சமாதானம். ஒப்பந்தம் நடந்தேறியது. ரசிகர்கள் கைதட்டியது 2008-இல் கழகத்துக்குப் பயன்பட்டது. அவர்கள் மறுத்தது 2023-இல் யாருக்கும் கேட்கவில்லை.

ஜெர்சியை இலவசமாகக் கொடுத்த பணத்தில் நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கியிருக்கலாமே? கோல் போடாத அணிக்குத் தருமம் எதற்கு?
— வாசகர், கொருக்குப்பேட்டை

ஏகார்ன்ஸ் பெயரோடு ஆடிய இரண்டு பருவங்களிலும் வில்லா லீக்கில் ஆறாவது இடம் பிடித்தது; 2010-இல் லீக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குச் சென்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றது. காசு தரும் விளம்பரதாரர் திரும்பிய 2010-11-இல் ஒன்பதாம் இடம். 2016-இல் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்தே கீழே இறங்கியது. தருமம் தலைகாத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பயிற்சியாளர் மார்ட்டின் ஓ'நீல் விலகியது, உரிமையாளரின் ஆர்வம் குறைந்தது என்று சரிவுக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் ஜெர்சி விளம்பரம் இல்லாவிட்டால் அணி படுத்துவிடும் என்ற வாதம் அந்த இரண்டு ஆண்டுகளில் பொய்த்தது உண்மை. பிரீமியர் லீக் கழகங்களுக்குப் பெரும் பணம் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருகிறது. கீழ்நிலை லீக்குகளில் ஆடும் சிறு கழகங்களுக்குத்தான் உங்கள் கேள்வி உண்மையிலேயே வலிக்கும்.

பெயரை மட்டும் போட்டால் அந்தக் குழந்தைகளுக்குச் சோறு கிடைத்துவிடுமா?
— வாசகி, காசிமேடு

கிடைக்காது. பெயர் பரவினால் நன்கொடை வரும் என்பது ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் பலிக்கும், ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே எவரும் சொல்ல முடியாது. அதனால்தான் பார்சிலோனா 2006-இல் செய்ததை நான் வில்லா செய்ததைவிட ஒரு படி மேலே வைக்கிறேன். அதுவரை ஜெர்சியின் முன்பக்கத்தில் வணிக விளம்பரமே இல்லாமல் ஆடிவந்த அந்தக் கழகம், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் பெயரை அங்கே பொறித்ததோடு, ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவைத் தானே யுனிசெஃபுக்குக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான பணிகளுக்கு, முதலில் ஸ்வாசிலாந்தில், செலவிடப்பட்டது. பெயரைச் சுமக்கும் கழகமே பணமும் தருவது உலக வழக்கத்தைத் தலைகீழாக்கிய காரியம்.

அங்கும் கதை அதோடு முடியவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோது, 2010 டிசம்பரில் கத்தார் ஃபவுண்டேஷனோடு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. யுனிசெஃப் பெயர் முதுகுப்புறத்தில் எண்ணுக்குக் கீழே இறங்கியது. கத்தார் ஃபவுண்டேஷனும் லாபநோக்கற்ற அமைப்புதானே என்று நிர்வாகம் வாதிட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்த இடத்தில் கத்தார் ஏர்வேஸ் வந்து நின்றபோது அந்த வாதத்தின் சாயம் வெளுத்தது. கழகத்தின் பழைய நாயகன் யோகன் கிரைஃப் தொடக்கத்திலேயே இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: பார்சிலோனா அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கழகம் என்பதால், அந்த ஒப்பந்தம் 2011-இல் உறுப்பினர் பேரவையின் வாக்கெடுப்புக்கு வந்து அங்கே நிறைவேறியது. பிடிக்காதவர்களுக்கும் எழுந்து நின்று பேச ஓர் இடம் இருந்தது. வில்லா ரசிகருக்கு அந்த உரிமை 2008-இலும் இல்லை, 2023-இலும் இல்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது. சூதாட்டக் கம்பெனியின் பெயர் பெரிதாகப் போட்ட இங்கிலாந்து அணி ஜெர்சிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
— வாசகி, ராயபுரம்

நடைபாதையில் விற்பது நகல் என்பதால், அங்குள்ள சிறுவர் ஜெர்சி விதி நம் ஊரை எட்டுவதில்லை. இங்கே தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்த மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து டிரீம்11 விலகி, அப்போலோ டயர்ஸ் வந்தது அதன் விளைவுதான். பிரீமியர் லீக் கழகங்களும் 2025-26 பருவத்தின் முடிவோடு சூதாட்டப் பெயர்களை ஜெர்சியின் முன்பக்கத்திலிருந்து நீக்க 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன; சட்டைக் கையை மட்டும் விட்டுவிட்டார்கள், அது அவர்களுடைய சாமர்த்தியம். மகனுக்கு அணியின் சின்னமும் வீரரின் எண்ணும்தான் முக்கியம். பெயரில்லாத ஜெர்சியில் அவற்றை அச்சிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரியுங்கள்.

எங்கள் அணிக்குப் பல ஆண்டுகளாக, தண்டல் (அன்றாடம் வசூலிக்கும் வட்டிக் கடன்) விடும் ஃபைனான்ஸ்காரர் ஒருவர்தான் ஜெர்சி எடுத்துத் தருகிறார். இந்த ஆண்டு நினைவுச் சுழற்கோப்பைப் போட்டிக்கு, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் அறக்கட்டளையின் பெயரைப் போடவேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். உப்பிட்டவரை மறப்பதா என்கிறார்கள் பெரியவர்கள். அணி இரண்டாகப் பிரிந்துவிடும் போலிருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— கால்பந்து அணி நிர்வாகி ஒருவர், வியாசர்பாடி

இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

இளைஞர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில் அணி 2013-இல் வோங்கா என்ற கடன் நிறுவனத்தின் பெயரை அணிந்தபோதும் இதே சண்டைதான் நடந்தது. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க மிக உயர்ந்த வட்டிக்குச் சிறு கடன் கொடுக்கும் நிறுவனம் அது. ஏழைகள் மிகுந்த அந்த நகரத்தில், கடன் வாங்கித் தவிப்பவரே கடன்காரனின் பெயரை அணிந்து கைதட்டுவதா என்று ரசிகர்களும் உள்ளூர் அரசியல்வாதிகளும் கேட்டார்கள். பாப்பிஸ் சிசே என்ற வீரர் தன் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி முதலில் அணிய மறுத்து, பின்னர் இசைந்தார். வோங்கா 2018-இல் திவாலானது. உங்கள் தெருவில் காலையில் தண்டல் வசூலிக்க வருபவரின் பெயர் மாலையில் தன் பிள்ளையின் நெஞ்சில் இருப்பதைப் பார்க்கும் தாய்க்கு எப்படி இருக்கும் என்பதை உங்கள் பெரியவர்களும் அறியாதவர்கள் அல்லர்.

ஆனால் பெரியவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. யாரும் கண்டுகொள்ளாத காலத்தில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஜெர்சியும் பந்தும் வாங்கித் தந்தவரை, இன்று நமக்கு நற்பெயர் வேண்டும் என்பதற்காக ஓரங்கட்டினால், அதில் அறத்தைவிட அலங்காரம்தான் அதிகம். மேலும், அறக்கட்டளை உங்களுக்கு ஜெர்சி வாங்கித் தரப்போவதில்லை, தரவும் கூடாது. பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பணம் அது. அப்படியென்றால் அச்சுச் செலவு யாருடையது என்பதை இளைஞர்கள் முதலில் சொல்லட்டும்.

லண்டனின் லேட்டன் ஓரியன்ட் கழகம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2011-இல் இளம் வயதில் தன்னைக் கடனாகப் பெற்று ஆடவைத்த அந்தச் சிறு கழகத்துக்கு, 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் ஹாரி கேன் ஜெர்சி விளம்பரப் பணத்தைத் தானே கட்டினார். ஆனால் தன் பெயரைப் போடவில்லை. ஒரு ஜெர்சியில் கொரோனா முன்களப் பணியாளர்களுக்கு நன்றி, இன்னொன்றில் குழந்தைகள் பராமரிப்பு இல்லம், மூன்றாவதில் மனநல அமைப்பு. ஜெர்சி விற்பனையில் பத்தில் ஒரு பங்கு அந்தந்த அமைப்புகளுக்குச் சென்றது. உங்கள் ஃபைனான்ஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: பணம் அவருடையது, நெஞ்சில் பெயர் அறக்கட்டளையுடையது, போட்டி நடக்கும் நாளில் மேடையில் பொன்னாடை அவருக்கு. மறுத்தால், அவர் இத்தனை ஆண்டுகள் வாங்கியது விளம்பரம்தான் என்பது பெரியவர்களுக்கும் தெளிவாகிவிடும். ஒத்துக்கொண்டால் பிரிவினைக்கே இடமில்லை.

அறக்கட்டளையின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தங்கள் பெயர் தண்டல் பணத்தில் அச்சாவது அவர்களுக்கு உடன்பாடா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு இந்த ஏற்பாடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் வில்லாவுக்கு நேர்ந்ததுபோல் நல்ல பெயர் அடுத்த விலைக்காரர் வரும்வரை இடம் பிடித்துவைக்கும் துண்டாகிவிடும். அவர்கள் பெயர் போட்ட ஜெர்சியோடு யாரும் கடைகடையாக உண்டியல் ஏந்தக்கூடாது. பணம் கொடுக்க விரும்புபவர் நேரே அறக்கட்டளையில் கொடுத்து ரசீது வாங்கட்டும். மற்ற ஊர்களில் கழகம் ஒன்று, அறநிறுவனம் வேறொன்று. வியாசர்பாடியிலோ, அப்பகுதி இளைஞர்களே தொடங்கிய அமைப்பு பந்தாட்டத்தையும் மாலைப் படிப்பையும் ஒன்றாகவே கொடுத்துவருவதை ஊரறியும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பெயர் ஜெர்சிக்கு வெளியிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனிகள் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் ஜெர்சிக்குப் பணம் தருமா? தங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?
— வாசகர், பெரம்பூர்

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிக்க அந்த நிதியைச் செலவிடலாம். கால்பந்தும் அதில் அடங்கும். ஆனால் தங்கள் பொருளுக்கோ சேவைக்கோ சந்தை ஆதாயம் தேடித் தரும் விளம்பர ஆதரவு சி.எஸ்.ஆர். கணக்கில் வராது என்று 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. எனவே விண்ணப்பத்தில் ஜெர்சி விளம்பரத்தைப் பற்றி எழுதாமல், பயிற்சியாளர் ஊதியம், பந்து, காலணி, சத்துணவு, மைதானப் பராமரிப்பு என்று செலவைப் பிரித்துக் காட்டி, பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் வழியாகக் கேளுங்கள். அந்த அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் அறநிறுவனப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்பதைக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.