மஞ்சள் ரெகுலேட்டர் யாருக்கு?

நீருக்கடியில்: வாசகர் கேள்வி பதில்

(சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் ஸ்கூபா பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் மாவட்டத்திலிருந்துதான். ஓமலூர்க் கிணறுகளில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. புதியவர்களுக்கு ஒரு வரி: ஸ்கூபா என்பது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது. அந்தக் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது ரெகுலேட்டர். காற்று தீர்ந்தவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் இரண்டாவது, மாற்று ரெகுலேட்டர்.)

கேள்வி: அக்கா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி எடுத்தேன். இரண்டாம் நாள், மாற்று ரெகுலேட்டர் கழன்று கடல் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியவே இல்லை. ஊர் திரும்பியதும் கொலுசுத் திருகாணி போலத் துருப்பிடிக்காத எஃகில் ஒரு பூட்டு செய்தேன். இனி எவ்வளவு இழுத்தாலும் வராது. படம் இணைத்திருக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மரையின் நேர்த்தி நம் ஊர்க் கைகளுக்கே உரியது. ஆனால் தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். அடுத்த முறை அதோடு கடலில் இறங்காதீர்கள்.

குழந்தையின் காலில் போட்ட கொலுசு தானாகக் கழன்று விழக் கூடாது. அதற்குத் திருகாணி சரி. மாற்று ரெகுலேட்டருக்கோ இரண்டு குணங்கள் வேண்டும். சும்மா இருக்கும்போது நெஞ்சை விட்டு அசையக் கூடாது. ஒருவர் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கைக்கு வந்துவிட வேண்டும். என் அப்பா மாட்டை முளைக்குச்சியில் கட்டும் முடிச்சு அப்படித்தான் இருக்கும். மாடு இழுக்க இழுக்க இறுகும். நுனியைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். உங்கள் பூட்டில் முதல் குணம் மட்டும்தான் இருக்கிறது.

இழுக்கப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் அல்ல. உங்களோடு இறங்கியவர், சிலிண்டரில் காற்று தீர்ந்து, கண்கள் விரிய உங்களை நோக்கி வருவார். பயிற்சியில் செய்வதுபோலக் கழுத்தருகே கையை வெட்டிச் சைகை காட்டி, பொறுமையாகக் காத்திருக்க மாட்டார். திருகாணியை எத்தனை சுற்று சுற்றிக் கழற்றுவார்?

இதை நான் பட்டு அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் 18 மீட்டர் ஆழத்தில் இருந்தோம். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு; சிலிண்டர் காற்றும் அதே விகிதத்தில் வேகமாகத் தீரும். என் ஜோடியாக வந்த பெண் காற்று எவ்வளவு மீதம் என்று காட்டும் அளவுமானியைப் பார்க்க மறந்துவிட்டார். அவர் கை என் நெஞ்சுக்கு நீண்டபோது அங்கே எதுவும் இல்லை. குழாயை வளைத்து ஜாக்கெட்டின் தோள் வளையத்தில் செருகியிருந்தேன். அது எப்போதோ நழுவிச் சிலிண்டருக்குப் பின்னால் போயிருந்தது. என் வாயில் இருந்ததை எடுத்து அவரிடம் கொடுத்தேன். பிறகு வலது தோளுக்குப் பின்னால் கையை விட்டு, சிலிண்டர் தலையிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே போய் மாற்று ரெகுலேட்டரைப் பிடித்தேன். பத்து விநாடிதான் ஆகியிருக்கும். அதுவரை சிறு குமிழ்களாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பற்றியபடி நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறினோம். என் சிலிண்டரில் காற்று போதுமான அளவு இருந்ததால் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டே மேலே வந்தோம். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வெறும் ஜாக்கெட்டைத் தடவிய அந்தக் கை இன்னும் என் நினைவை விட்டுப் போகவில்லை.

ஆகவே இடம் முக்கியம். முகவாய்க்குக் கீழே, விலா எலும்புகளின் இரு அடி முனைகள் வரை ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். மாற்று ரெகுலேட்டர் அதற்குள்தான் இருக்க வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் முதலில் படும் இடம் அது. உங்கள் இரு கைகளும் பார்க்காமலே எட்டும் இடமும் அதுதான். பைக்குள் திணிப்பது, இடுப்புப் பக்கம் தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம்.

மாட்டுவதற்குக் கடைகளில் சிலிக்கான் பிடிகள் கிடைக்கின்றன. காந்தப் பிடியும் உண்டு. ஆனால் அருகில் திசைகாட்டி இருந்தால் அதன் முள்ளைக் காந்தம் திருப்பிவிடும். கையால் செய்வதில் ஆர்வம் உள்ள உங்களுக்கு வேறொரு வழி சொல்கிறேன். மருத்துவக் கடைகளில் விற்கும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு துண்டு வாங்கி வளையமாக்குங்கள். அதை ஜாக்கெட்டின் நெஞ்சு வளையத்தில் கட்டி, ரெகுலேட்டரின் கடிக்கும் பகுதியை அதற்குள் செருகுங்கள். மண்ணும் உள்ளே போகாது. கடல் தரையில் இழுபடும் ரெகுலேட்டரில் மணல் புகுந்தால், மூச்சுக்காற்று வெளியேறும் மெல்லிய ரப்பர் தட்டு சரியாக மூடாது. அடுத்த முறை உறிஞ்சும்போது காற்றோடு உப்புத் தண்ணீரும் வரும். பவளத்தில் இடித்தால் பவளமும் உடையும்.

பட்டறையில் இழுத்துப் பார்ப்பது போதாது. நீச்சல் குளத்தில் தலைகீழாக நின்று உதறிப் பாருங்கள், விழக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வலக்கையாலும் இடக்கையாலும் எடுங்கள். பிறகு நண்பரை எதிரே நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கச் சொல்லுங்கள். குழாய் வழக்கமாக ஒரு மீட்டர் அளவு இருக்கும். அந்த நீளம் முழுவதும் தாராளமாக வர வேண்டும். ஜாக்கெட் பட்டைக்கு அடியில் குழாய் சிக்கியிருந்தால் பிடி எத்தனை நன்றாக இருந்தும் பயனில்லை. ரப்பர் வளையம் விரைவில் வெடித்துப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இழுத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: மாற்று ரெகுலேட்டர் மஞ்சள் நிறத்தில்தான் இருக்க வேண்டுமா? சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரியாதா?
– ஒரு வாசகர், மேட்டூர்

பதில்: கரையில் தெரியும், ஆழத்தில் தெரியாது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டர் தாண்டினால் அது மங்கிய பழுப்பாகிவிடும். மஞ்சள் அதைவிட ஆழம் வரை தாங்கும். குழாயும் மஞ்சளாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அக்கா, கல்லூரி மாணவி நான். பயிற்சிக் குளத்தில் குதித்தவுடன் மாற்று ரெகுலேட்டர் சீறிக்கொண்டு காற்றைக் கொட்டியது, மிகவும் பயந்துவிட்டேன். பழுதா? சிலர் அதைக் கழுத்தில் மாலைபோல மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தேன். நானும் அப்படி மாட்டலாமா?
– ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: பழுது இல்லையம்மா. கடிக்கும் பகுதி மேல்நோக்கித் திரும்பினால் ரெகுலேட்டரின் உள்ளே உள்ள மெல்லிய தட்டு அதைவிடத் தாழ்வில் இருக்கும். அங்கே தண்ணீரின் அழுத்தம் சற்று அதிகம். தட்டை அழுத்தி வால்வைத் திறந்துவிடும். கடிக்கும் பகுதியைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், நின்றுவிடும். பக்கவாட்டில் சிறு நெம்புகோல் இருந்தால் இறங்கும் முன் அதைக் காற்று குறைவாக வரும் நிலையில் வையுங்கள். குதிக்கும்போது பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் சீறினால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கழுத்தில் மாட்டுவது வேறு முறை. குகைகளில் முக்குளிப்பவர்களிடமிருந்து பரவியது. அவர்கள் வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளக் குழாய் இருக்கும். ஆபத்தில் அதையே கொடுத்துவிட்டு, கழுத்தில் இருப்பதைத் தாங்கள் கடித்துக்கொள்வார்கள். பதறியவர் எப்படியும் உங்கள் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவார் என்பதால் எனக்கு அந்த முறைமேல் மதிப்பு அதிகம். ஆனால் உங்கள் வாயில் இருப்பது குட்டைக் குழாய். கொடுக்க வேண்டிய நீளக் குழாயைக் கழுத்தில் பூட்டிக்கொண்டால், கேட்டு வருபவருக்கு எதைக் கொடுப்பீர்கள்? முழு அமைப்பையும் மாற்றி, அதற்கெனப் பயிற்சி எடுக்கும் வரை நெஞ்சு முக்கோணமே உங்களுக்கு உரியது. எந்த முறையானாலும் இறங்கும் முன் உங்கள் ஜோடியிடம் சொல்லிக் காட்டுங்கள்: “காற்று தீர்ந்தால் இதை எடு.” அவர் ஒருமுறை கையால் தொட்டும் பார்க்கட்டும்.

கேள்வி: எங்களுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். ஞாயிறு காலை புதுச்சேரியில் இரண்டு முறை முக்குளித்துவிட்டு, மதியம் புறப்பட்டால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். பரவாயில்லையா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது, ஐயா. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. முக்குளிக்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் அங்கே குமிழாகும் வாய்ப்பு உண்டு. முக்குளித்த பின் விமானம் ஏறுவதற்குச் சொல்லும் காத்திருப்பு நேரத்தை மலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருமுறை இறங்கினால் 12 மணி நேரம், பலமுறை இறங்கினால் 18 மணி நேரம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் திங்கட்கிழமை காலையில் ஏறுங்கள். ஞாயிறு இரவு சேலத்தில் தங்கிவிடுங்கள். மூட்டு வலியோ மரத்துப்போவதோ தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். முதல் வார்த்தையாக, முக்குளித்துவிட்டு வந்ததைச் சொல்லுங்கள்.