அப்லேஷனுக்குப் பிறகும் படபடப்பு வந்தால்?

கேள்வி: எனக்கு வயது 61. திடீரென்று நெஞ்சு படபடத்து, சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) எனக்கு இருக்கிறது. மாத்திரைகளுக்குக் கட்டுப்படாததால் அப்லேஷன் (இதயத்துக்குள் தழும்பு உண்டாக்கி அந்தத் துடிப்பைத் தடுக்கும் சிகிச்சை) செய்துகொள்ளும்படி மருத்துவர் கூறியுள்ளார். இதற்காக நெஞ்சைத் திறப்பார்களா? செய்த பிறகு படபடப்பு அறவே நின்றுவிடுமா? ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலுள்ள சிரையில் சிறு துளையிட்டு, அதன் வழியே கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்துவார்கள். இந்தத் தாறுமாறான துடிப்பைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்தே கிளம்புகின்றன என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தச் சிரைகள் இடது மேலறையில் வந்து சேரும் வாய்களைச் சுற்றி, வெப்பத்தாலோ கடுங்குளிராலோ மின்துடிப்புகளாலோ வளையமாகத் தழும்பை உண்டாக்கிவிட்டால், பொறி கிளம்பினாலும் மேலறைக்குள் பரவ வழியிருக்காது. மயக்க நிலையில் செய்யப்படுவதால் பெரிதாக வலி தெரியாது. முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்; துளையிட்ட இடத்தில் நீலம் பாரித்திருப்பது ஓரிரு வாரங்களில் மறையும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் பொறுமையான பதில் தேவை. சிகிச்சைக்குப் பின் இரண்டு, மூன்று மாதங்கள்வரை மேலறைத் தசை புண்பட்டு, வீங்கி, பிறகு ஆறுகிறது. அந்த நாட்களில் படபடப்பு வருவது பலருக்கும் நேர்வதுதான் என்பதால், அதை மட்டும் வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டதாக முடிவுகட்டுவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, அவரைத் தேவையற்ற பயத்தில் தள்ளுவதாகும் என்பது என் உறுதியான கருத்து. ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதும் சில மாதங்கள் நீடிக்கலாம். உங்களைப் போல் விட்டுவிட்டு வரும் வகையில், முதல் ஆண்டில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் ஒரே சிகிச்சையில் தொல்லையின்றி இருக்கிறார்கள். மற்றவர்களில் சிலருக்கு மறுமுறை செய்ய நேரிடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மாதங்களாவது ஒரு வேளையும் விடாமல் தொடர வேண்டும். அதன்பின் நிறுத்துவதா இல்லையா என்பது படபடப்பு நின்றதைப் பொறுத்ததன்று; வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பொறுத்தது. நன்றாக இருக்கிறோமே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

துளையிட்ட இடத்தில் ரத்தக்கசிவு, இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுதல், பக்கவாதம் போன்ற சிக்கல்கள் குறைந்த அளவில் உண்டு. மிக அரிதான, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய சிக்கல் ஒன்று வீடு திரும்பிய பிறகே தலைகாட்டும்: மேலறையை ஒட்டிச் செல்லும் உணவுக்குழாய் புண்பட்டு, இரண்டுக்கும் இடையே ஓட்டை விழுவது. சில வாரங்களுக்குப் பிறகு காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் செயலிழப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; அப்லேஷன் செய்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஏனெனில் இந்த நிலையில் உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்வது ஆபத்து, சி.டி. ஸ்கேன்தான் முதலில் எடுக்க வேண்டும்.