ஸ்டேஷனில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன், வயது 29. உடன் வேலை பார்த்த பெண்ணும் நானும் 2024 தீபாவளியிலிருந்து பழகினோம். ஜாதகம் சேரவில்லை என்று என் வீட்டில் மறுத்ததால் பிரிந்துவிட்டோம். கல்யாண ஆசை காட்டி ஏமாற்றியதாகவும், 1,80,000 ரூபாய் வாங்கியதாகவும் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். பொய்ப் புகார் என்று நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அந்தப் பெண்ணின் குணம், அவர் அண்ணன் மிரட்டியது, அவர் முன்பு யாரோடு பழகினார் என்பதிலேயே ஐந்து பக்கம் போய்விட்டது. எனக்கு வேண்டியது நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "2025 தை மாதம் அம்மாவும் தாய்மாமாவும் அவள் வீட்டுக்குப் போய் ஜாதகம் வாங்கி வந்தார்கள்."

வழக்கே அதில்தான் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 69-வது பிரிவில், நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாண வாக்குக் கொடுத்து உடலுறவு வைத்திருந்தால்தான் குற்றம். நிஜமாகவே நினைத்திருந்து பிறகு முடியாமல் போவது வேறு. உச்ச நீதிமன்றம் 2019-இல் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாக்குக் கொடுத்த அன்று உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதே கேள்வி. பெண் கேட்டுப் போன குடும்பம் அதற்கு நல்ல பதில்.

ஒன்றை நீங்கள் எழுதவேயில்லை. அந்தப் பெண் பட்டியல் சாதியா? ஜாதகம் என்பது சாதிக்குப் போட்ட முக்காடா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் முன்ஜாமீன் கணக்கே மாறிவிடும். வக்கீலிடம் இதை மறைக்காதீர்கள்.

இனி, எனக்குப் பயம் தருவது திங்கட்கிழமை. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் "சும்மா விசாரணைதானே" என்று தனியாகப் போனார். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "ஆறு மாசத்துல கட்டிக்கிறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழிந்தது, கல்யாணம் நடக்கவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டபோது அவருக்கு எதிரான முதல் ஆவணம் அந்தத் தாள்தான். தன் கையெழுத்திலேயே ஒரு பொய் வாக்கைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நீங்கள் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். "கட்டிக்கொள்கிறேன்" என்றும் எழுத வேண்டாம், "மன்னிக்கவும்" என்றும் எழுத வேண்டாம்.

"ஏழு வருஷத்துக்குள் தண்டனை என்றால் நோட்டீஸ்தான், கைது இல்லை" என்று நண்பர்கள் சொல்வார்கள். 69-க்குப் பத்து வருஷம் வரை தண்டனை உண்டு. அந்தக் கணக்கு இங்கே உதவாது. முன்ஜாமீன் கேட்க எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு போன் செய்யாதீர்கள், தோழி வழியாகத் தூதும் விடாதீர்கள். நீங்கள் அனுப்பும் "ஒரு தடவை பேசலாம்" மெசேஜ், வழக்கில் மிரட்டல் என்று வந்து நிற்கும். பழகிய காலத்தில் எடுத்த போட்டோக்களை எங்கேயாவது போட்டீர்கள் என்றால், இல்லாத குற்றத்துக்குப் பதில் இருக்கிற குற்றம் ஒன்று கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

பணம் வாங்கியது உண்மை, வங்கிக் கணக்கிலேயே தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரோஷம் பார்க்க இது இடமில்லை. அதை வைத்திருக்கும்வரை மோசடிப் பிரிவையும் சேர்க்க வழி இருக்கிறது. ஸ்டேஷனில் ரொக்கமாகவோ, "நான் பேசி முடிக்கிறேன்" என்று வரும் உள்ளூர்ப் பெரிய மனிதர் கையிலோ கொடுக்காதீர்கள். இரு தரப்பு வக்கீல்கள் மூலம், வங்கி வழியாக, கடன் தொகை என்று மட்டும் குறிப்பிட்டுக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டால் சமாதானம் உங்கள் இருவர் கையிலும் இருக்காது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் ரத்து கேட்க வேண்டும், அதுவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பொய்ப் புகார் வழக்கா? முதலில் இதிலிருந்து வெளியே வாருங்கள், அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்குத் தாய்மாமாவை உட்கார வைத்து, எந்தத் தேதியில் போனார், அங்கே யார் யார் இருந்தார்கள், ஜாதகத்தை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.