30 வினாடி எக்ஸ்போஷரில் ஸ்பிரைட் விழாதது ஏன்

14 மி.மீ. லென்ஸில் 30 வினாடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) வைத்து இரவெல்லாம் எடுத்தும் ஒரு ஸ்பிரைட்கூட (இடிமேகத்துக்கு மேலே மிக உயரத்தில் ஒரு கணம் தோன்றும் சிவப்பு ஒளி) விழவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல் அந்த 30 வினாடியில்தான். ஸ்பிரைட் சில மில்லி வினாடிகளில் மறைந்துவிடும். அதற்குமேல் ஷட்டர் திறந்திருக்கத் திறந்திருக்க வானத்தின் வெளிச்சம்தான் கூடும். அந்த மங்கலான சிவப்பு அதில் அமுங்கிப்போகும். 2 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200 என்று ஆரம்பியுங்கள். லென்ஸ் 35 அல்லது 50 மி.மீ. இருந்தால் நல்லது.

அப்புறம், மின்னலைக் குறிவைக்காதீர்கள். ஸ்பிரைட் தோன்றுவது 50 முதல் 90 கி.மீ. உயரத்தில். இடிமேகம் 300 கி.மீ. தள்ளி இருந்தால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 டிகிரி மேலே பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். மின்னும் மேகம் ஃபிரேமின் கீழ் ஓரத்தில் இருக்கட்டும்.

நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் கேமரா சும்மா இருக்கும், பாதி இரவு வீணாகும். ஒரு நட்சத்திரத்தில் மேனுவலாக ஃபோகஸ் செய்து, ரிமோட்டைப் பூட்டி நிறுத்தாமல் எடுங்கள். கேமராத் திரையைப் பார்த்து எதையும் அழிக்க வேண்டாம். கணினியில் பெரிதாக்கினால்தான் பல ஸ்பிரைட்டுகள் தெரியும்.